ஹை டி-க்கு ஒன்றா, ஓப்பனா? ட்ரம்பெட்டின் மேல் சுரங்களுக்கு எந்த விரல்

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் மகன் இரண்டு தாள்களோடு வந்தான். பிளஸ் ஒன் படிக்கிறான், எங்கள் கத்தோலிக்கப் பங்கின் பேண்டில் ட்ரம்பெட் ஊதத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. இரண்டு தாளும் இணையத்திலிருந்து பிரிண்ட் எடுத்த ஃபிங்கரிங் சார்ட். ஒன்றில் ஹை டி-க்கு 1 என்று போட்டிருந்தது, மற்றதில் 0. 1 என்றால் முதல் வால்வை அமுக்கு, 1-3 என்றால் முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்து அமுக்கு, 0 என்றால் எதையும் அமுக்காதே, அதாவது ஓப்பன்.

"சித்தப்பா, இது ரெண்டுல எதாக்கும் சரி?"

"ரெண்டும் சரிதான் மக்கா."

"அப்போ நான் எத அமுக்கணும்?"

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. அவன் ஊத வேண்டிய பாட்டில் அந்த டி இரண்டு இடத்தில் வருகிறது. ரெண்டும் சரி என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போகலாம் என்றால் அவன் விடுவதாக இல்லை. அன்று அவனுக்குச் சொன்னதையும், அடுத்தடுத்த ஞாயிறுகளில் ட்யூனரை வைத்துப் பார்த்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நம் குமரி மாவட்டத்தில் பங்குக்கு ஒரு பேண்டு என்று சொல்லும் அளவுக்கு ட்ரம்பெட் ஊதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரட்சணிய சேனையின் பித்தளை பேண்டு மரபும் உண்டு. ஆனால் மேலே போகும்போது எந்த விரல், ஏன் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. மாஸ்டர் அமுக்கியதைப் பார்த்து நாமும் அமுக்குவோம், அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் சுரப் பெயர்கள் எல்லாம் பி ஃபிளாட் ட்ரம்பெட்டுக்கு எழுதப்படும் பெயர்கள். கீபோர்டில் அது ஒரு முழுச்சுரம் கீழே இருக்கும். ஐந்து கோட்டுக்கு மேலே சாய்ந்து உட்கார்ந்திருப்பது மேல் ஜி. அதற்கு மேல் முதல் துணைக்கோட்டில் ஏ. இரண்டாவது துணைக்கோட்டில் ஹை சி. அதன் தலைமேல் ஹை டி.

ஒரே சுரத்துக்கு ஏன் இத்தனை வழி? வால்வு எதையும் அமுக்காமல் ஊதினால் குழல் தானாகக் கொடுக்கும் சுரங்கள் ஒரு ஏணி போல. அடியில் படிகள் அகலமாக இருக்கும்: கீழ் சி, அடுத்தது ஜி, அப்புறம் நடு சி, ஈ, மேல் ஜி. அதற்கு மேல் படிகள் நெருங்கிக்கொண்டே போகும். சுருதி சேராத ஒரு பி ஃபிளாட், ஹை சி, டி, ஈ, எஃப்-புக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவே அந்தரத்தில் ஒன்று, கடைசியில் ஜி. இரண்டாம் வால்வு இந்த ஏணியை முழுசாக அரைச்சுரம் இறக்குகிறது, முதல் வால்வு ஒரு முழுச்சுரம், மூன்றாவது ஒன்றரை. சேர்த்து அமுக்கினால் ஆறு அரைச்சுரம் வரை இறங்கும். கீழ் சி-க்கும் ஜி-க்கும் நடுவே இருக்கும் ஆறு ஓட்டைகளை அடைக்கத்தான் அந்த ஆறு. அங்கே ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வழிதான், மிஞ்சினால் ஒன்றரை. மேலேயோ படிகள் ஏற்கெனவே முழுச்சுர இடைவெளியில் நிற்கின்றன. அவற்றை ஏழு விதமாக இறக்கிப் பார்த்தால் ஒவ்வொரு சுரமும் மூன்று நான்கு இடத்தில் வந்து நிற்கும்.

ஆக, மேலே விரல் என்பது தேர்வு. எதை வைத்துத் தேர்வது? நான் பார்ப்பது மூன்று. சுருதி சேர்கிறதா, உதடு பதறினாலும் சுரம் நிற்கிறதா, முன்னும் பின்னும் வரும் சுரங்களோடு விரல் எளிதாக ஓடுகிறதா. இதோடு நான்காவதாக ஒன்று, பலரும் யோசிக்காதது: பக்கத்தில் யார் வாசிக்கிறார்கள்? கீபோர்டா, பித்தளை மட்டுமா? டி விஷயத்தில் கடைசியில் தீர்ப்பு சொல்வது அதுதான்.

சுருதிக் கணக்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ட்ரம்பெட்டின் குழாயை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 148 செ.மீ. வரும். அரைச்சுரம் இறக்க இரண்டாம் வால்வு அதில் 8.8 செ.மீ. சேர்க்க வேண்டும், முழுச்சுரத்துக்கு முதல் வால்வு 18.1 செ.மீ. இரண்டையும் சேர்த்து அமுக்கினால் 26.9. ஆனால் ஒன்றரைச் சுரம் சரியாக இறங்க வேண்டியது 28 செ.மீ. ஏனென்றால் முதல் வால்வு ஏற்கெனவே குழாயை நீட்டிவிட்டது. நீண்ட குழாயை அரைச்சுரம் இறக்க 8.8 போதாது. அந்த ஒரு சென்டிமீட்டர் குறைவால் 1-2 சுமார் 11 சென்ட் ஏறி நிற்கும் (அரைச்சுரத்துக்கு 100 சென்ட்). இதே கணக்கில் 2-3 சுமார் 15 சென்டும் 1-3 சுமார் 30 சென்டும் ஏறும். மூன்றையும் சேர்த்தால் 50-ஐத் தாண்டிவிடும். பெரினே என்பவர் பாரிஸில் 1839-ல் காப்புரிமை வாங்கிய பிஸ்டன் வால்வைத்தான் இன்றும் அமுக்கிக்கொண்டிருக்கிறோம், இந்தக் குறையும் கூடவே வருகிறது. செய்பவர்கள் மூன்றாம் வால்வைச் சற்று நீளமாக வைத்தும், அதன் ஸ்லைடில் (இழுத்து நீட்டும் குழாய்) விரல் வளையம் மாட்டியும் சமாளிக்கிறார்கள். அதனால் நான் சொல்லும் எண்கள் கணக்கில் வருபவை. உங்கள் ட்ரம்பெட்டில் சில சென்ட் அங்குமிங்கும் இருக்கும்.

ஏணிப் படிகளுக்கும் சொந்தக் குணம் உண்டு (கீழ் சி-யை இரண்டாம் படி என்று வைத்து எண்ண வேண்டும்). ஐந்தாம் படியும் பத்தாம் படியும் கீபோர்டை விட 14 சென்ட் தாழ்வு. ஏழாம் படி 31 சென்ட் தாழ்வு, அதைத்தான் சுருதி சேராத பி ஃபிளாட் என்றேன். எட்டாம் படி சரி. ஒன்பதாவது 4 சென்ட் ஏற்றம், பன்னிரண்டாவது 2. பதினொன்றாவது எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாமல் இரண்டு சுரத்துக்கு நடுவே தொங்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், சார்ட்டே வேண்டாம்.

மேல் ஜி-யில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. ஓப்பன்தான். 1-3 போட்டும் வரும், அது எட்டாம் படி. ஆனால் 30 சென்ட் ஏறி நிற்பதால் மூன்றாம் ஸ்லைடை வெளியே தள்ளினால்தான் சுருதி சேரும். முட்டம் பக்கம் கடலோர ஊர் ஒன்றில் ஒரு பையன் ட்ரம்பெட்டை என்னிடம் காட்டினான். உப்புக்காற்றில் களிம்பு பிடித்து அந்த ஸ்லைடு அசையவே இல்லை. அப்படிப்பட்ட வாத்தியத்தில் 1-3 என்ற பேச்சே எடுக்கக் கூடாது. ஸ்லைடு ஓடுகிறவர்களுக்கும் ஜி-ஏ என்று உதட்டாலேயே நடுக்கம் கொடுக்கும் ஓர் இடத்தில்தான் அது பயன்படும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜி ஷார்ப் 2-3. இதற்கு மாற்றே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைக் கற்றுக்கொண்ட கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. எனக்கு அப்போது பதினேழு வயது. டிசம்பரில் குலசேகரம் பக்கம் மலையடிவாரத்தில் மாமா ஊரில் கேரல் ரவுண்ட்ஸ். வால்வு ஆயில் தீர்ந்துபோயிருந்தது. நாகர்கோவிலுக்குப் போய் வாங்கி வர நேரமில்லை. எண்ணெய்தானே என்று அத்தையின் தேங்காய் எண்ணெய் பாட்டிலைச் சாய்த்து மூன்று பிஸ்டனுக்கும் தடவினேன். ராத்திரி பத்து மணிக்கு வெண்ணெய் மாதிரி ஓடியது. விடியற்காலை மூன்று மணிக்குப் பனியில் மூன்றாம் வால்வு கீழே போனது, மேலே வரவில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பது பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். அது பிஸ்டனுக்குள்ளும் உறையும் என்று எனக்குத் தோன்றவில்லை. விரலால் நெம்பி மேலே இழுத்துவிட்டு, இனி மூன்றைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். பாட்டு இரண்டு கட்டையில், அதாவது டி மேஜர், நமக்கு ஈ மேஜர். ஜி ஷார்ப் வராத வரியே இல்லை. மூன்றாம் வால்வு இல்லாமல் அதற்கு இருக்கும் ஒரே வழி முதல் வால்வின் ஏழாம் படி. ஊதினேன். 31 சென்ட் தாழ்வு, அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆல்டோ பாடிய அக்கா ஒருவர் டார்ச்சை என் முகத்தில் அடித்துப் பார்த்தார்.

அதற்கு அப்புறம் ஏழாம் படியை நான் எந்தச் சுரத்துக்கும் நம்பியதில்லை. பி ஃபிளாட்டை ஓப்பனில் ஊதலாமே என்று யாராவது கேட்டால் அந்த டார்ச் வெளிச்சம்தான் ஞாபகம் வரும். வால்வு ஆயிலும் இப்போது பையில் இரண்டு பாட்டில்.

ஏ-யில்தான் நிஜமான தேர்வு தொடங்குகிறது. சார்ட் 1-2 என்கிறது. கணக்குப்படி 11 சென்ட் ஏற்றம், பல ட்ரம்பெட்டில் காதுக்கே தெரியும். மாற்று: 3 மட்டும். அதே ஏணி, அதே எட்டாம் படி, ஆனால் குழாய் நீளம் அதிகம், எனவே சுருதி இறங்கிச் சரியாக உட்காரும். சில வாத்தியங்களில் கொஞ்சம் அதிகமாகவே இறங்கிவிடும். நீண்ட ஏ என்றால் நான் 3-க்குத்தான் போவேன். இன்னொரு லாபமும் உண்டு. ஜி ஷார்ப் 2-3, ஏ 3: ஒரே விரலை எடுத்தால் போதும். 2-3-லிருந்து 1-2-க்குப் போவதென்றால் மோதிர விரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிராக இடம் மாற வேண்டும், வேகத்தில் அங்கேதான் தடுக்கும். ஏ-யிலிருந்து பி-க்கு (2) போகும்போது கதை மாறும். 1-2-லிருந்து ஒரு விரலை எடுத்தால் 2. 3-லிருந்து 2-க்கு மறுபடி இடம் மாற்றம். அதனால் எங்கிருந்து வருகிறோம் என்பதைப் போலவே எங்கே போகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். வேகமாக ஏறி இறங்கும் வரியில் சார்ட் சொல்வது போல் 1-2, நிற்கும் சுரத்தில் 3. ஏ விஷயத்தில் என் கட்சி இதுதான்.

பி ஃபிளாட்டுக்கு 1. 2-3 போட்டால் ஒன்பதாம் படியில் கிடைக்கும், ஆனால் கிட்டத்தட்ட 19 சென்ட் ஏற்றம். பி-க்கு 2. மாற்றாக 1-2-லும் ஒன்பதாம் படியில் வரும், 15 சென்ட் ஏற்றம். ஏற்றம் என்று தெரிந்தும் நான் அடிக்கடி எடுக்கும் மாற்று இது ஒன்றுதான். காரணம் கீர்த்தனை.

நம்மூர்க் கோயில்களில் பாடும் கீர்த்தனைகள் மேற்கத்திய கீதங்களைப் போல் சுரத்துக்குச் சுரம் நறுக்கென்று நிற்பதில்லை. அசைவு வேண்டும். வால்வு போட்டு ஏ-பி-ஏ-பி என்று ஆட்டினால் டைப்ரைட்டர் அடிப்பது போல் இருக்கும். அதையே 1-2-ஐ அமுக்கியபடியே வைத்துக்கொண்டு, எட்டாம் படிக்கும் ஒன்பதாம் படிக்கும் நடுவே உதட்டாலும் மூச்சாலும் அசைத்தால் நடுவில் வெட்டு இல்லாமல் ஓடும். நாக்கை 'ஆ'-விலிருந்து 'ஈ'-க்குத் தள்ளினால் ஏறும், திரும்ப விட்டால் இறங்கும். இந்த இடத்தில் பி 15 சென்ட் ஏறியிருப்பது யாருக்கும் கேட்காது, அது தொட்டுவிட்டு வரும் சுரம்தானே. ஒவ்வொரு விரலுக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டு: ஜி-ஏ 1-3-ல், ஜி ஷார்ப்-ஏ ஷார்ப் 2-3-ல், ஏ-பி 1-2-ல், பி ஃபிளாட்-சி 1-ல், பி-சி ஷார்ப் 2-ல், சி-டி ஓப்பனில். எல்லாம் முழுச்சுர ஜோடிகள். அரைச்சுர அசைவுக்கு இந்த வழி உதவாது. அதற்கு வால்வைப் பாதி அமுக்கிப் பழக வேண்டும், அது வேறு பாடம். மாற்று விரல் எதற்கு என்று கேட்கும் மாஸ்டர்கள் ஒரு கீர்த்தனையை இப்படி ஊதிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஹை சி-க்கு வருவோம். ஓப்பன். நிறைய பேர் இங்கே ஏதாவது மந்திர விரல் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். 1 போட்டாலும் வரும், 2-3-லும் வரும். வேடிக்கை என்னவென்றால் 2-3-ல் பத்தாம் படியின் 14 தாழ்வும் வால்வின் 15 ஏற்றமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கணக்குப்படி சுருதி கச்சிதமாக நிற்கும். ஆனால் ஒலி அடைபட்டது மாதிரி இருக்கும், உதட்டுக்கும் வேலை அதிகம். காரணம் படிகளின் நெருக்கம். எட்டாம் படிக்கும் ஒன்பதாம் படிக்கும் நடுவே 204 சென்ட், ஒன்பதுக்கும் பத்துக்கும் 182, பத்துக்கும் பதினொன்றுக்கும் 165, அடுத்தது 151. ஏணியில் மேலே ஏற ஏறக் கால் வைக்க இடம் குறையும். அதே சுரத்தை நீண்ட குழாயில் ஊதினால் இன்னும் மேல் படியில் ஏறி நிற்கிறீர்கள் என்று அர்த்தம். எனவே சி வரவில்லை என்றால் பிரச்சினை விரலில் இல்லை. மூச்சிலும் உதட்டிலும்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சி ஷார்ப் 1-2. இங்கே பத்தாம் படியின் தாழ்வை 1-2-ன் ஏற்றம் சரிக்கட்டிவிடுகிறது. மூன்று சென்ட் தாழ்வு, யாரும் கவலைப்பட வேண்டாம். 2 மட்டும் போட்டால் ஒன்பதாம் படி, அதுவும் நல்ல சுருதிதான். பி-யிலிருந்து ஏறி மறுபடி பி-க்கே இறங்கும் இடத்தில் விரலை எடுக்காமல் 2-லேயே இருந்துவிடலாம்.

இனி டி.

ஓப்பனில் ஊதினால் ஒன்பதாம் படி, 4 சென்ட் ஏற்றம். 1-ல் ஊதினால் பத்தாம் படி, 14 சென்ட் தாழ்வு. 1-3-லும் பன்னிரண்டாம் படியில் வரும், ஆனால் 32 சென்ட் ஏற்றம், அடைத்த ஒலி, ஸ்லைடைத் தள்ள வேண்டும். அதை இங்கேயே விட்டுவிடுகிறேன். காகிதத்தில் பார்த்தால் ஓப்பன்தான் ஜெயிக்க வேண்டும். சுருதி கிட்டே, படி அகலம், குழாய் குறைவு. அப்புறம் ஏன் பெரும்பாலான சார்ட்டுகள் 1 என்கின்றன? ஒரு காரணம் பழக்கம்: கீழே இருக்கும் டி-யும் 1தான், கை தானாகப் போகும். இன்னொரு காரணம் ஊதிப் பார்த்தால்தான் தெரியும். சி-யிலிருந்து டி-க்கு ஓப்பனிலேயே போனால் விரல் எதுவும் செய்யாது, முழு வேலையும் உதட்டின் தலையில். நாக்கு வைத்துத் தனித்தனியாக அடிக்கும்போது சி-யா டி-யா என்று குழலே ஒரு கணம் தயங்கும். 1-ஐ அமுக்கினால் அந்த அசைவே சுரத்தை வெட்டிக் கொடுக்கிறது.

தவறினால் எங்கே போய் விழுவோம் என்பதையும் பார்த்துவிடுங்கள். ஓப்பனில் டி தவறிக் கீழே விழுந்தால் சி. 1-ல் தவறினாலும் சி-தான், அந்த ஏணியின் ஒன்பதாம் படி அது. இதில் வித்தியாசமில்லை. மேலே தாவினால் வித்தியாசம் உண்டு. ஓப்பனில் ஈ-க்குப் போவீர்கள், சற்றுத் தாழ்ந்த ஈ, கேட்பவர் அலங்காரம் என்று நினைத்துக்கொள்ளக்கூடும். 1-ல் தாவினால் அந்தப் பதினொன்றாம் படி. அதை அலங்காரம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

நான் கீழேதான் விழுந்தேன். முதல் முதலாகத் தேர்ப்பவனியில் தனியாக ஊத விட்ட வருடம், மூன்று மணி நேரம் நடந்து உதடு வீங்கியிருந்தது. ஓப்பனில் டி எடுக்கப் போனேன், காலுக்கடியில் ஜல்லி புரண்டது, மவுத்பீஸ் ஒரு துளி நகர்ந்தது, சி வந்து நின்றது. அதை டி என்று நினைத்துக்கொண்டு நீட்டியும் வைத்தேன். நடந்துகொண்டே ஊதுகிறவர்களுக்கு அறைக்குள் பார்த்த கணக்கு பாதிதான் உதவும்.

இப்போது நான்காவது கேள்வி. எங்கள் திருவிழாப் பாட்டு ஐந்தரைக் கட்டை, அதாவது ஏ ஃபிளாட். ட்ரம்பெட்டுக்கு பி ஃபிளாட் மேஜர். அதில் டி என்பது காந்தாரம், மூன்றாம் சுரம். பித்தளை மட்டும் சேர்ந்து ஊதும்போது, யூஃபோனியம் அடியில் சட்ஜமத்தைப் பிடித்திருந்தால், காந்தாரம் கீபோர்டில் இருப்பதை விட 14 சென்ட் தாழ்ந்திருந்தால்தான் இழைந்து உட்காரும். சரியாக அந்த 14-ஐத்தான் முதல் வால்வு கொடுக்கிறது. அங்கே தாழ்வு குறையே இல்லை, இனிமை. அதே பாட்டைக் கோயிலுக்குள் பாடகர் குழுவோடு ஊதினால் கீபோர்டு இருக்கும். அதன் காந்தாரம் அசையாது. நாம் 14 சென்ட் தாழ்ந்தால் இரண்டு சுரமும் உரசி அலையலையாகக் கேட்கும். அங்கே ஓப்பன்.

பாட்டு வேறு கட்டை என்றால் இதுவும் மாறும். நான்கு கட்டையில் (எஃப்) பாடினால் நமக்கு ஜி மேஜர், டி அங்கே பஞ்சமம். பஞ்சமம் தாழக் கூடாது, யார் கூட வாசித்தாலும் சரி. ஓப்பன்தான். அதையே 1-ல் ஊத வேண்டியிருந்தால் உதட்டால் தூக்க வேண்டும், நீண்ட சுரத்தில் அது பெரிய தண்டனை.

டி-க்கு மேலே விறுவிறுவென்று போய்விடலாம். ஈ ஃபிளாட் 2, மாற்று 2-3. ஈ ஓப்பனில் 14 தாழ்வு, 3 மட்டும் போட்டால் பன்னிரண்டாம் படியில் சுருதி கிட்டத்தட்டச் சரி, 1-2-ல் 13 ஏற்றம். எஃப் 1, எஃப் ஷார்ப் 2, ஜி ஓப்பன். இங்கே வந்த பிறகு விரல் பற்றிய விவாதமே வலுவிழக்கிறது. ஹை சி 932 ஹெர்ட்ஸ், இந்த ஜி சுமார் 1,400. ட்ரம்பெட்டின் மணி (விரிந்த வாய்) ஏறக்குறைய 1,500 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலி அலையை உள்ளே திருப்பி அனுப்பும், அதற்கு மேல் அப்படியே வெளியே விட்டுவிடும். திரும்பி வரும் அலைதான் உதட்டுக்குக் கைப்பிடி. கைப்பிடி இல்லாத உயரத்தில் எந்த விரலை அமுக்கினாலும் உதடு சொல்வதுதான் சுரம். அந்த உயரத்திலேயே குடியிருந்தவர் கனடாவில் பிறந்த ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மேனார்ட் ஃபெர்குசன். 1960களின் பிற்பகுதியில் ஆந்திராவில் ரிஷி வேலி பள்ளியில் பாடம் நடத்தியவர். நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறார். எங்கள் பங்குப் பாட்டுகளில் ஹை ஈ-க்கு மேல் எதுவும் வருவதில்லை, அதற்காக நான் நன்றியோடு இருக்கிறேன்.

சரி, உங்கள் ட்ரம்பெட்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போனில் ட்யூனர் செயலி போதும். ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உதடு தன்னையறியாமல் முள்ளைத் துரத்தும், வாத்தியத்தின் குணம் தெரியாது. கண்ணை மூடி ஊதுங்கள், சுரம் நிலைத்ததும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் நாலைந்து தடவை. புது உதட்டோடு ஒரு நாள், ஒரு மணி நேரம் ஊதிக் களைத்த பிறகு ஒரு நாள். பவனியின் கடைசித் தெருவில் இருக்கப்போவது அந்தக் களைத்த உதடுதான். வெயிலையும் கணக்கில் எடுங்கள். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுருதி 3 சென்ட் வரை ஏறும், கீபோர்டு ஏறாது. மூச்சே குழலைச் சூடாக்கி வைப்பதால் முழு அளவுக்கு வராது என்றாலும், விடியற்காலைப் பூசைக்கும் மத்தியானத்துக்கும் நடுவே ட்யூனிங் ஸ்லைடை இழுக்காமல் முடியாது. அதை முதலில் சரி செய்யுங்கள். விரலை மாற்றுவது அதற்கு அப்புறம். மொத்த வாத்தியமும் ஏறியிருக்கும்போது ஒரு சுரத்துக்கு மட்டும் விரல் தேடுவது வீண் வேலை.

முடிவு செய்ததை பென்சிலால் சுரத்தின் தலையில் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம். அடுத்த வருடம் வேறு வாத்தியம் கைக்கு வரலாம்.

பையன் மூன்று ஞாயிறு இதையெல்லாம் செய்து பார்த்தான். அவனுடைய ட்ரம்பெட்டில் 1-ல் டி 17 சென்ட் தாழ்வு, ஓப்பனில் ட்யூனர் முள் நடுவிலேயே நின்றது. அவன் தாளில் டி-க்கு மேலே எழுதியிருந்தது: "உள்ளே 0, வெளியே 1."

கார்த்திகையில் திருவிழா. சப்பரம் புறப்பட்டுக் குருசடியைத் தாண்டவில்லை, மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் திரும்பி ஓடி வந்து கோயில் முகப்பில் ஒதுங்கினோம். சப்பரத்தைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, பாட்டை இங்கேயே முடித்துவிடலாம் என்று அருட்தந்தை சொன்னார். பேண்டு முகப்பில், பாடகர் குழு உள்ளே. வாசல் திறந்திருந்தது. இரண்டாவது வரியில் உள்ளேயிருந்து கீபோர்டும் சேர்ந்துகொண்டது. டி வருவதற்கு இரண்டு தாள அடி முன்னால் பையன் ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுக்காமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான். விரலை எடு என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.